பத்து டிகிரி அட்சரேகையில் பன்னிரண்டு கிலோ

இந்த ஜனவரியில் குதிரைத்தலை நெபுலாவை ஐந்து நிமிட எக்ஸ்போஷர்களாக எடுத்தேன். படச்சட்டத்தின் நான்கு மூலையிலும் நட்சத்திரங்கள் புள்ளியாகவே நின்றன. 1000 மி.மீ. குவியத்தூரம் கொண்ட 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கியில், உடுமலைக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து இது நடந்திருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். கைடிங் பிழை (நட்சத்திரத்தைப் பின்தொடர்வதில் வரும் அலைவு) 2.4 ஆர்க் செகண்டில் (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) தொடங்கி இப்போது 0.8-க்கு வந்திருக்கிறது. இடையில் ஒரு மவுண்ட் (தொலைநோக்கியைச் சுமந்து வானத்தோடு சேர்த்துத் திருப்பும் தாங்கி) விற்றாயிற்று, பழைய மவுண்ட் ஒன்றை வாங்கிப் பிரித்துச் சேர்த்தாயிற்று, இரும்புத் தூண் ஒன்றும் நட்டாயிற்று. 8 அங்குலக் குழாயை வைத்துப் படமெடுக்க நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை எடை போட்டதுதான். குழாயின் எடையை விளம்பரத்தில் பார்த்துவிட்டு மவுண்ட் தேடுவதுதான் வழக்கம். ஆனால் மவுண்டின் மேல் ஏறுவது குழாய் மட்டுமில்லை. மீன் கடைக்காரர்கள் கையில் தூக்கிப் பிடிக்கும் எலக்ட்ரானிக் தொங்கு தராசு ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கி ஒவ்வொன்றையும் தொங்கவிட்டேன். குழாய், இரண்டு வளையங்கள், அடிப்பட்டை சேர்த்து 9.2 கிலோ. கேமராவும், பட ஓரத்து நட்சத்திரங்களைச் சீராக்கும் கோமா கரெக்டர் லென்ஸும் 1.1. பின்தொடர்தலைக் கண்காணிக்கும் சிறு தொலைநோக்கியான கைடு ஸ்கோப், அதன் கேமரா 0.8. பனி படியாமல் இருக்க ஹீட்டர் பட்டி, ஃபோகஸ் மோட்டார் 0.5. குட்டிக் கம்ப்யூட்டர், வயர்கள் 0.5. மொத்தம் 12.1 கிலோ. வயர்களையும் எடை போடச் சொல்வேன். கேமராவிலிருந்து தொங்கும் மூன்று நான்கு கேபிள் சேர்ந்தால் கால் கிலோ தாராளமாக வரும், அதுவும் குழாயின் நுனியில் வரும்.

அப்போது என்னிடம் இருந்தது பத்து கிலோ வரை தாங்கும் என்று விற்கப்பட்ட, ஈக்யூ5 மாடல் அளவுள்ள மவுண்ட். ஐபீஸில் கண்ணை வைத்து வியாழனையும் சனியையும் பார்க்க அது நன்றாகவே உழைத்தது. படம் எடுக்கத் தொடங்கியதும் நிலைமை வேறு. ஒரு நிமிடத்திலேயே நட்சத்திரங்கள் அரிசி மணியாக நீண்டன. குழாயை விரலால் லேசாகத் தட்டிவிட்டு ஐபீஸில் பார்த்தால் ஆட்டம் அடங்க ஐந்து ஆறு நொடி ஆகும். என் கேமராவின் பிக்சல் 4.3 மைக்ரான். 206-ஐ பிக்சல் மைக்ரானால் பெருக்கிக் குவியத்தூர மில்லிமீட்டரால் வகுத்தால் ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு என்று கிடைக்கும். எனக்கு 0.89 ஆர்க் செகண்ட். 2.4 ஆர்க் செகண்ட் பிழை என்றால் கிட்டத்தட்ட மூன்று பிக்சல் அலைகிறது. கைடிங் மென்பொருளில் எந்த எண்ணை மாற்றியும் அது இறங்கவில்லை. பிஹெச்டி2 என்ற அந்த மென்பொருளின் வரைபடத்தில் கோடு எந்த ஒழுங்கும் இல்லாமல் துள்ளியது. கியரின் குறை என்றால் வார்ம் (பல்சக்கரத்தைச் சுழற்றும் திருகுத் தண்டு) சுற்றும் கால அளவில் திரும்பத் திரும்ப ஒரே மேடு வரும். அது வரவில்லை என்பதால் கோளாறு கியரில் இல்லை, சுமையில்தான் என்று முடிவுக்கு வந்தேன்.

பிறகு மவுண்ட் தேடல். தயாரிப்பாளர்கள் சொல்லும் கொள்ளளவை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹெச்ஈக்யூ5 ப்ரோ 13.7 கிலோ, ஈக்யூ6-ஆர் ப்ரோ 20 கிலோ. இப்போது எல்லோரும் பேசும் ஹார்மோனிக் கியர் வகையில் இசட்டபிள்யூஓ ஏஎம்5, தான் 5 கிலோதான் இருந்துகொண்டு கவுண்டர்வெயிட் (எதிர் எடை) இல்லாமல் 13 கிலோவும், வைத்தால் 20 கிலோவும் சுமக்கும் என்கிறார்கள். படம் எடுப்பவர்கள் இந்த எண்ணில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் ஏற்றுவார்கள். அந்தக் கணக்கில் 12.1 கிலோவுக்கு 18 கிலோவுக்குக் குறைந்த எதுவும் சரிப்படாது. மலைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர் என்றால் ஹார்மோனிக்கைத்தான் நான் சொல்வேன். வீட்டிலேயே வைத்திருக்கப் போகிற எனக்கு மவுண்டின் சொந்த எடை ஒரு பொருட்டில்லை. அதனால் 18 கிலோ சொல்லப்படும், 180 பல் வார்ம் சக்கரம் கொண்ட பழைய மவுண்ட் ஒன்றை 85,000 ரூபாய்க்கு வாங்கினேன். தலை மட்டுமே 16 கிலோ.

வாங்குமுன் பார்த்தவை: கிளட்சைப் பூட்டிவிட்டு அடிப்பட்டை மாட்டும் இடத்தைப் பிடித்து இருபுறமும் அசைத்தேன். கொஞ்சம் ‘டக் டக்’ இருந்தது, அது சரிசெய்யக்கூடியது. கிளட்சைத் தளர்த்தி அச்சை மெதுவாகச் சுழற்றினேன். எங்கேயும் மணல் அரைப்பது போன்ற உணர்வு இல்லை, அதனால் பேரிங் உயிரோடிருக்கிறது. இரண்டு அச்சையும் மோட்டாரில் முழு வேகத்தில் ஒரு சுற்று ஓடவிட்டு ஒலியைக் கேட்டேன். ஆர்.ஏ. அச்சில், அதாவது பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றும் துருவ அச்சில், ஓரிடத்தில் சுருதி இறங்கியது. உயரம் சரிசெய்யும் போல்ட் வளைந்திருந்தது. விற்றவர் அதற்காக 3,000 குறைத்துக்கொண்டார்.

அந்த வளைந்த போல்ட்டை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி சாலையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மேலே மொத்தம் எத்தனை கிலோ என்று நான் ஆரம்பிக்க, பட்டறைக்கார அண்ணன் நிறுத்தினார். “எத்தனை கிலோங்கிறது அப்புறம் சொல்லுங்க தம்பி. அது எங்கீங்க தொங்குது?” படம் வரைந்து காட்டினேன். வரையும்போதே நம் ஊரின் பிரச்சினை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மவுண்டின் துருவ அச்சு, நம் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவுதான் நிமிர்ந்திருக்கும். உடுமலைக்கு அது பத்தரை டிகிரி. கிட்டத்தட்டப் படுத்த நிலை. லண்டனில் 51 டிகிரிக்கு மேல் நிமிர்ந்திருக்கும் அதே மவுண்ட் இங்கே முன்னால் குனிந்து நிற்கிறது. தொலைநோக்கி, கவுண்டர்வெயிட், டெக் அச்சு (துருவ அச்சுக்குக் குறுக்கான இரண்டாவது அச்சு) எல்லாம் சேர்ந்து முப்பது கிலோவுக்கு மேல், முக்காலியின் நடுவிலிருந்து ஒரு சாண் வடக்கே தள்ளித் தொங்குகிறது. அதைத் தூக்கிப் பிடிப்பது ஒரே ஒரு உயரப் போல்ட். அது வளையாமல் என்ன செய்யும்? இன்னொன்றும் உண்டு. துருவ அச்சில் சமநிலை கொஞ்சம் தவறினால் கியரின் மேல் விழும் முறுக்கு அட்சரேகையின் கொசைனைப் பொறுத்தது. லண்டனில் 0.62, இங்கே 0.98. அங்கே 100 கிராம் தவறு கொடுக்கும் தொல்லையை இங்கே 63 கிராமே கொடுத்துவிடும். வெளிநாட்டு அனுபவங்களை அப்படியே நம் மொட்டை மாடிக்குக் கொண்டுவரும்போது இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

காவலூரில் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதன் அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி. அங்கே துருவ அச்சை ஒருபுறம் மட்டும் பிடித்து அந்தரத்தில் நீட்டவில்லை. குதிரைலாட வளையத்தோடு கூடிய நுகமாகக் கட்டி வடக்கு தெற்கு இரு முனைகளிலும் தாங்கியிருக்கிறார்கள். நம் கையில் இருக்கும் ஜெர்மன் வகை மவுண்டுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இருக்கும் ஒரு புறத்தை நாம்தான் உறுதிப்படுத்த வேண்டும்.

போல்ட்டை இஎன்8 எஃகுக் கம்பியில் அதே மரையில் கடைந்து தரச் சொன்னேன். நுனியை அரைக்கோளமாக உருட்டி, அது அழுத்தும் இடத்தில் ஒரு சிறு பித்தளை வில்லையும் வைத்தார். பழைய கைப்பிடிக்குப் பதில் அறுகோணத் தலை. 19 ஸ்பேனரில் திருப்ப முடிகிறது. 600 ரூபாய். மொத்த வேலையில் காசுக்கு மேல் பலன் தந்தது இதுதான். இன்னொரு பழக்கமும் சேர்த்துக்கொண்டேன். உயரத்தைத் திருத்தும்போது கடைசி அசைவு எப்போதும் மேல்நோக்கியதாக இருக்க வேண்டும். கீழே இறக்கி நிறுத்தினால் பளு பிறகு மெல்ல உட்காரும், ஒரு மணி நேரத்தில் துருவச் சீரமைப்பு (துருவ அச்சை வான் துருவத்தை நோக்கி நிறுத்துவது) கலைந்துவிடும்.

அடுத்தது உள்வேலை. தலையைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்தேன். திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு எண் எழுதினேன். உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து, பனை வெல்லப் பாகு இறுகியது மாதிரி இழுத்தது. அதில் பித்தளைத் தூள் மினுமினுத்தது. டீசலில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் 180 பல்லையும் ஒவ்வொன்றாகத் தேய்த்து, கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தேன். வார்மின் இரு பக்கப் பேரிங்குகளை, மேலே பொறித்திருந்த எண்ணைக் காட்டிக் கோவையில் வாங்கினேன். கிரீஸ், லித்தியம் வகையில் என்எல்ஜிஐ 2 (கெட்டித்தன்மையின் தர எண்). லாரி வீல் பேரிங்குக்குப் போடும் கெட்டியான 3-ஆம் கிரேடு வேண்டாம். குளிர்ந்த இரவில் மோட்டார் திணறும். கிரீஸைப் பல்லில் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அப்பினால் அது தூசியைத்தான் சேர்க்கும்.

வார்மும் சக்கரமும் சேரும் இடம்தான் இந்த முழு வேலையின் உயிர்நாடி. சக்கரத்தின் ஆரம் சுமார் 46 மி.மீ. வானத்தில் ஒரு ஆர்க் செகண்ட் என்பது அந்தப் பல்லில் 0.22 மைக்ரான். அதனால் கை உணர்வை நம்பவில்லை. பட்டறை அண்ணனிடம் நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜ் ஒன்றை இரவல் வாங்கினேன். அடிப்பட்டையில் அச்சிலிருந்து 200 மி.மீ. தள்ளி முள்ளை வைத்து, கிளட்சைப் பூட்டி, இரு பக்கமும் லேசாக அழுத்தினேன். 0.15 மி.மீ. அசைந்தது. கணக்குப் போட்டால் 155 ஆர்க் செகண்ட். வார்ம் பெட்டியின் நான்கு போல்ட்டையும் கால் சுற்றுத் தளர்த்தி, பக்கவாட்டுக் கிரப் ஸ்க்ரூக்களைத் திருப்பி வார்மைச் சக்கரத்தோடு நெருக்கினேன். அசைவு 0.09-க்குக் கீழே இறங்கவில்லை. மேலும் நெருக்கினால் மோட்டார் முனகியது. மீதி அசைவு பல்லிடுக்கில் இல்லை. வார்மே தன் நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் கடைமூடியை ஒரு பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கியதும் முள் 0.04-க்கு வந்தது. அதற்குப் பிறகு பல்லிடுக்கைத் திருத்தி 0.02 மி.மீ.-க்குக் கொண்டுவந்தேன். அதாவது 20 ஆர்க் செகண்ட் சொச்சம். முதலில் வார்மின் நீளவாக்கு அசைவு, பிறகு பல்லிடுக்கு. இந்த வரிசை மாறினால் நாள் வீணாகும்.

சக்கரம் முழு வட்டமாக இருக்காது. ஓரிடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போனால் இன்னோரிடத்தில் இறுகும். வாங்கும்போது ஆர்.ஏ. அச்சில் சுருதி இறங்கிய இடத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்திருந்தேன். அந்த இறுக்கமான இடத்தில்தான் திருத்தினேன். மற்ற இடங்களில் 30 ஆர்க் செகண்ட் வரை இருக்கிறது, இருக்கட்டும். கோடை மதியத்தில் ஒட்ட நெருக்கி வைக்கவும் கூடாது. அலுமினியக் கூடு பித்தளையைவிட அதிகம் சுருங்கும். டிசம்பரில் வால்பாறைக்கு எடுத்துப் போனால் பல் பிடித்துக்கொள்ளும்.

கவுண்டர்வெயிட்டுக்கு வருகிறேன். மவுண்டோடு வந்தவை 5 கிலோ இரண்டு. தொலைநோக்கியின் நடுக்கோடு துருவ அச்சிலிருந்து 32 செ.மீ. தள்ளி இருக்கிறது. 12.1 கிலோவைச் சமன்செய்ய அந்த 10 கிலோவை 38.7 செ.மீ. தூரத்தில், கம்பியின் கடைசியில் வைக்க வேண்டும். இன்னொரு 5 கிலோ சேர்த்தால் 25.8 செ.மீ.யில் வைக்கலாம். மொத்த எடை கூடுகிறதே என்று தோன்றும். ஆனால் எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பார்த்தால் 15,000 என்பது 10,000 ஆகக் குறைகிறது. மோட்டார் உணரும் சடத்துவம் அதுதான். ஆட்டம் சீக்கிரம் அடங்குவதும் அதனால்தான். 130 மி.மீ. இரும்பு உருளையில் 50 மி.மீ. வெட்டி, 18 மி.மீ. கம்பிக்கு 18.5 மி.மீ. துளை போட்டுக் கொடுத்தார்கள். 5.1 கிலோ வந்தது. 1,100 ரூபாய்.

சமநிலை பார்க்கும்போது கேமரா, கைடு ஸ்கோப் எல்லாம் மாட்டி, மூடியைக் கழற்றி, ஃபோகஸ் நிலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். குழாயை வளையத்துக்குள் சுழற்றி, கேமரா மவுண்டின் பக்கம் பார்க்கும்படி வைத்தேன். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிலோ உள்ளே வந்தது. பிறகு கிழக்குப் பக்கம் ஒரு துளி கனமாக விட்டேன். அப்போதுதான் பல்லின் ஒரே முகம் எப்போதும் அழுந்தியிருக்கும். நம் அட்சரேகையில் அந்தத் துளி 80 கிராமைத் தாண்டத் தேவையில்லை. சின்னத் துணிப் பையில் ஈயக் குண்டு போட்டு வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறேன். எடுக்கும் பொருள் மெரிடியனை (தலைக்கு மேல் வடக்கு தெற்காகச் செல்லும் கோடு) தாண்டியதும் பக்கம் மாற்றி ஒட்ட வேண்டும்.

முக்காலியில் வைத்துப் பார்த்தேன். கைடிங் 1.5-க்கு வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. அதோடு இங்கே துருவ அச்சு படுத்திருப்பதால் கவுண்டர்வெயிட் கம்பி கிட்டத்தட்ட செங்குத்தான வட்டத்தில் சுற்றுகிறது. வடக்கே நீட்டிய காலில் போய் இடித்தது. காலைத் திருப்பி வைத்தால் முப்பது கிலோவுக்கு முன்புறம் ஆதாரம் இல்லாமல் போகிறது. எனவே தூண்.

6 அங்குல எம்.எஸ். குழாய், சுவர்க் கனம் 4.5 மி.மீ., நீளம் நான்கு அடி. 4 அங்குலக் குழாயில் 700 ரூபாய் மிச்சம்தான். ஆனால் ஒரே சுவர்க் கனத்தில் 6 அங்குலம் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பானது. மேலும் கீழும் 12 மி.மீ. தகடு, கீழே நான்கு முக்கோணத் தாங்கிகள். இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி குழி. நான்கு ஜே போல்ட்டை மரச்சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கான்கிரீட் ஊற்றினோம். ஏறத்தாழ 500 கிலோ. சுற்றியுள்ள சிமெண்ட் தளத்தோடு ஒட்டாமல் ஒரு அங்குல இடைவெளி விட்டேன். இல்லாவிட்டால் யார் நடந்தாலும் படத்தில் தெரியும். ஒரு வாரம் தினமும் தண்ணீர் விட்டு, பிறகுதான் தூணை நிறுத்தி உள்ளே உலர்ந்த ஆற்று மணலை நிரப்பினேன். 38 கிலோ கொண்டது. மணலை அடுப்பில் வறுத்து ஈரம் போக்கிய பிறகே போட வேண்டும், இல்லையென்றால் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

மேல்தகட்டுக்கும் மவுண்ட் உட்காரும் தகட்டுக்கும் நடுவே ஆறு அங்குல மரைக்கம்பிகள் மூன்று வைத்து, மட்டம் திருத்த வசதி செய்திருந்தேன். தட்டினால் மூன்று நொடி ஆடியது. அத்தனை பெரிய தூணை நட்டுவிட்டு, உச்சியில் மூன்று மெலிந்த கால் வைத்ததுபோல் ஆகிவிட்டது. கம்பிகளை ஒன்றரை அங்குலமாக வெட்டியதும் ஆட்டம் ஒரு நொடிக்குச் சற்று மேல் அடங்கியது. ரசமட்டத்தில் மட்டம் மிகத் துல்லியமாக வர வேண்டிய அவசியமே இல்லை. துருவச் சீரமைப்புதான் முக்கியம், மட்டம் அதற்குக் கொஞ்சம் வசதி, அவ்வளவே.

துருவ நட்சத்திரம் எங்களுக்குப் பத்தரை டிகிரி உயரத்தில், பக்கத்துத் தென்னந்தோப்பின் ஓலைகளுக்குப் பின்னால். நினா மென்பொருளின் மூன்று புள்ளிச் சீரமைப்பு முறைக்குத் துருவம் கண்ணில் படவே வேண்டியதில்லை. வானத்தின் எந்தத் திறந்த பகுதியிலும் மூன்று படம் எடுத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறது. அதன் பிறகுதான் கைடிங் 0.8-ல் நின்றது. இப்போது வரைபடத்தில் எட்டு நிமிடத்துக்கு ஒரு மெல்லிய மேடு வருகிறது. 180 பல்லுக்கு வார்ம் ஒரு சுற்று 479 நொடி, சரியாக அதுதான். சுமையின் துள்ளல் போய் கியரின் சொந்தக் குறை மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குத்தான் உடுமலையைச் சுற்றி இத்தனை காற்றாலைகள். குழாயின் பக்கவாட்டுப் பரப்பு 0.21 சதுர மீட்டர். மணிக்கு 18 கி.மீ. காற்று அதை 300 கிராம் அளவுக்குத் தள்ளும். 36 கி.மீ. ஆனால் நான்கு மடங்கு, ஒரு கிலோவுக்கு மேல், அதுவும் விட்டு விட்டு. எந்தக் கொள்ளளவு எண்ணிலும் இது சேராது. மேற்கே எட்டடி உயரத்துக்குத் தகரத்துக்குப் பதில் பச்சை நிழல்வலை கட்டியிருக்கிறேன். தகரம் காற்றைச் சுழற்றி மேலே அனுப்பும், வலை வடிகட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை எப்படியும் மேகம்தான். வானம் திறக்கும் ஓரிரு இரவுகளில் 80 மி.மீ. குட்டி ரிஃப்ராக்டரை மாட்டுகிறேன்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. ஐப்பசி மழைக்கு முன் தலையை இறக்கி, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வைக்கிறேன். தூணில் இருக்கும் காலத்தில் துருவத்தைக் குறிபார்க்கும் போலார் ஸ்கோப்பின் துளை இரண்டு பக்கமும் மூடியிருக்க வேண்டும். ஒருமுறை பத்து நாள் திறந்திருந்ததில் குளவி மண்கூடு கட்டிவிட்டது. ஈரத்துணியால் கரைத்து எடுக்கும்வரை மண் துகள் உள்ளே விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. மாதம் ஒரு முறை டயல் கேஜ் அளவு, உயரப் போல்ட், மேல்தகட்டு நட்டுகள். கிளட்சைக் கை இறுக்கத்துக்கு மேல் முறுக்குவதில்லை. குழாய் தவறுதலாகத் தூணில் மோதினால் கிளட்ச் வழுக்க வேண்டும், இல்லாவிட்டால் வார்ம் பல் போகும். 12 வோல்ட் வயரை 1.5 சதுர மி.மீ.க்கு மாற்றினேன். மெல்லிய வயரில் முழுச் சுமையோடு ஓடும்போது மின்னழுத்தம் இறங்கி மோட்டார் படி தவறியது.

செலவு: மவுண்ட் குறைத்தது போக 82,000. போல்ட் 600, கவுண்டர்வெயிட் 1,100, பேரிங்கும் கிரீஸும் 900. தூண் குழாய், தகடு, வெல்டிங் சேர்த்து 5,200. கான்கிரீட்டும் ஆள் கூலியும் 3,800. நிழல்வலை 1,400. மொத்தம் 95,000. முன்பு வைத்திருந்த ஈக்யூ5 அளவு மவுண்ட் 28,000-க்குப் போனது.

மறுபடி செய்தால் தூணை முதலில் நடுவேன், மவுண்டை அதற்குப் பிறகு வாங்குவேன். பழைய முக்காலியிலேயே எவ்வளவு பிழை இருந்தது என்று அப்போதே பிரித்துத் தெரிந்திருக்கும். தூணின் உயரத்தை இன்னும் அரை அடி கூட்டுவேன். விக்சன் அளவு அடிப்பட்டை 9 கிலோ குழாய்க்குக் குறுகல்தான். மூன்று அங்குல லாஸ்மண்டி அகலப் பட்டையைப் பட்டறையில் சொல்லியிருக்கிறேன், அலுமினியம் 6061-ல், 2,200 ரூபாய் ஆகும் என்றார்கள். டெக் அச்சில் இன்னும் கொஞ்சம் பேக்லாஷ் (பல்லிடுக்கு அசைவு) இருக்கிறது. அதை மார்ச்சில் பிரிக்கிறேன், அப்போது அளவுகளை எழுதுகிறேன்.